ஒரு இஞ்சு இடது

அப்பாவிடம் பொய் சொல்லித்தான் அழைத்து வந்தேன். கோந்த்வாவில் ஆட்டோ ஏறியதிலிருந்து கேம்ப் ஏரியாவில் இறங்கும்வரை அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி.

"அம்மாவப் பத்தி எதும் காட்டிருக்கானா?"

இல்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் வெளியே பார்த்துக்கொண்டே இல்லை என்றேன்.

"காட்டிருந்தாம்னா நான் எந்திச்சுப் போயிருவேன். அப்புறம் அவன் பேச்ச எங்கிட்ட யாரும் எடுக்கக் கூடாது. நீயுந்தான்."

சொன்னால் செய்கிறவர் அவர். அவருடைய மகனும் அப்படித்தான். அன்று காலையில் தம்பி டெக்ஸ்டர் ஃபோன் செய்திருந்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். படம் எடுக்கிறவன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் அவனுடைய முதல் முழுநீளப் படம் அன்று சாயங்காலம் எங்கள் தமிழ்ச் சபையின் ஹாலில் முதல்முதலாகத் திரையிடப்பட இருந்தது. அப்பா வருகிறார் என்று நான் சொன்னதும் எத்தனை மணிக்கு என்று கேட்டான். பிறகு, "அக்கா, அவர் பாதியில எழுந்து போனார்னா, நான் சென்னைக்குப் போயிடுறேன். திரும்பி வரமாட்டேன். நீயும் இப்படி ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போறத விட்டுடலாம்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். கடையில் பிரெட் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னான்.

படத்தில் அம்மா இருந்தாள். அம்மாவின் அடக்கம் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாப்டாப்பில் பார்த்திருந்தேன். அந்தக் காட்சி முழுக்க என் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. இதை அப்பா பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவுமில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். தலைமாட்டில் செங்கல் வைத்துப் பெட்டியைச் சற்று உயர்த்துவார்கள், முகம் தெரிய வேண்டுமென்று. பெரியவர்கள் பின்னால், பிள்ளைகள் இரண்டு பக்கமும். எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும். சொந்த ஊர் பாளையங்கோட்டையிலிருந்து இவ்வளவு தூரம் புறப்பட்டு வர முடியாதவர்களுக்கு அந்தப் படம்தான் போய்ச் சேரும். படம் எடுத்ததும் மூடி. அதற்குப் பிறகு முகத்தைப் பார்க்க முடியாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஃப்ளோரா போனபோது, நானே எடுக்கிறேன் என்று டெக்ஸ்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டான். ஸ்டாண்டை நட்டான். எல்லோரும் நின்றோம். அவன் கேமராவில் கண்ணை வைத்தான். "பெட்டி ஒரு இஞ்சு இடது" என்றான். நகர்த்தினார்கள். சித்தப்பாவைப் பின்னால் போகச் சொன்னான். என் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொன்னான். மறுபடியும், "பெட்டி ஒரு இஞ்சு இடது." வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் ஒரு இஞ்சு. அப்பா வரிசையிலிருந்து வெளியே வந்தார்.

"பெத்தவ கெடக்கா. ஒனக்குப் படந்தான் தெரியுது, என்னல? போதும். மூடுங்க."

அவசரத்தில் அவன் எதையோ அழுத்தினான். மூடினார்கள். அந்த மாதமே அவன் கேம்ப்பில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா அவனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்த 'மூடுங்க' தான். எனக்கும் அன்று அவன்மேல் கொதிப்புத்தான். அம்மாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு அளவு பார்க்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அவனுடைய படங்கள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. அதை என்ன செய்ய? யார் என்ன சொன்னாலும் அவனுக்காகச் சண்டைக்குப் போய்விடுவேன். 'கேமரா ஏன் அசையவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சா' என்று எங்கள் ஆபீஸில் ஒருத்தி கேட்டாள். உன் கண் அசைகிறதே, அது போதாதா என்று கேட்டேன். அவள் இன்றுவரை என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

டெக்ஸ்டரின் கேமரா ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். சுவர் நேராக இருக்கும், கதவு நட்ட நடுவில் இருக்கும், ஆட்கள் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், அழ மாட்டார்கள். நாம் மட்டும்தான் சிரிப்போம். அதுவும் சற்றுத் தாமதமாக. அவன் எடுத்த முதல் குறும்படத்தில் ஒரு பஸ் ஸ்டாப். நடுவில் ஒருத்தர் டிபன் கேரியரோடு நிற்கிறார். பஸ் வருகிறது, நிற்காமல் போகிறது. அவர் முகம் மாறுவதில்லை. 'மறுநாள்' என்று எழுத்து வருகிறது. அதே ஸ்டாப், அதே ஆள், அதே நிற்பு. டிபன் கேரியரில் மட்டும் ஒரு அடுக்கு கூடியிருக்கிறது. அவ்வளவுதான் படம். நான் பாத்ரூமில் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

இந்த நக்கல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா போசரியில் ஒரு என்ஜினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எது கோணல் என்று சொல்லிவிடுவார். டெக்ஸ்டர் என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, வீடே இடிந்துவிடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சினிமாவுல ஓவர்டைம் உண்டால?" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. அதனால்தான் பேசிக்கொள்ளவும் முடியவில்லை.

ஹாலுக்குள் நுழைந்ததும் பிரியாணி வாசனை. மதியம் ஆராதனை முடிந்து அங்கே சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் படத்தில் நடித்திருந்தார்கள். சம்பளம் இல்லாமல் நடித்தவர்களுக்கு முதல் காட்சி என்று டெக்ஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தான். புதுச் சேலையும் புதுச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று அடங்கியது. நான்கு வருஷத்துக் கதை சபையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். கைப்பைக்குள் அப்பாவின் பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டெக்ஸ்டர் பின்னால் மேஜையில் லாப்டாப்போடு நின்றான். எங்களைப் பார்த்தான். உடனே குனிந்து வயரைத் தேடினான்.

அப்பா ஒரு கண்ணை மூடித் திரையைப் பார்த்தார். "வலது பக்கம் தூக்கணும்னு சொல்லு" என்றார்.

நான் எழுந்து போய்ச் சொன்னேன். டெக்ஸ்டர் நாற்காலி போட்டு ஏறி, திரையின் வலது மூலையை அவிழ்த்து உயர்த்திக் கட்டினான். இறங்கி என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மேலும் கீழும் ஒரு தடவை தலையை ஆட்டினார். தூதர் வேலை முடிந்து என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். 'அசையாதீங்க' என்று தலைப்பு வந்தது.

சாவு வீடுகளுக்கு மட்டும் படம் எடுக்கப் போகிற ஒரு ஸ்டுடியோக்காரரின் கதை. அந்த வேஷத்தில் எங்கள் கமிட்டி செகரட்டரி அந்தோணி. கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், ரொம்ப நல்லவர், ஆனால் அவருக்குச் சிரிப்பு என்பது கிடையாது. அதற்காகவே டெக்ஸ்டர் அவரைப் பிடித்திருந்தான். 'கமிட்டி மீட்டிங்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க அங்கிள்' என்று மட்டும் சொன்னானாம். தான் ஒரு சோகப் படத்தில் நடித்திருப்பதாக அந்தோணி முழு மனதோடு நம்பிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டுடியோச் சுவரில் அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா படங்கள். எல்லாவற்றிலும் அந்தோணியேதான், மீசை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். கல்யாண ஆர்டர் கேட்டு ஒருத்தர் வருகிறார். அந்தோணி கேட்கிறார்: "ரெண்டு பேரும் உக்காந்துதானே இருப்பாங்க?" அதற்கே ஹால் சிரித்தது. அந்தோணி திரும்பி யார் சிரித்தது என்று பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் திரை வெளிச்சத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தது. ஆனால் முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. இந்த மட்டும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாவு வீடு, இன்னொரு சாவு வீடு என்று படம் போனது. எனக்கு எதுவும் ஓடவில்லை. எப்போது வரும் அது, எப்போது வரும் என்றே காத்திருந்தேன். சர்ச் பெஞ்சில் பெண்கள் சேலை நிறப்படி வரிசையாக உட்கார்ந்திருக்கிற காட்சி வந்தது. அடுத்தது அதுதான்.

ஸ்டுடியோக்காரரின் அம்மா இறந்துபோகிறாள். அவரே படம் எடுக்க வேண்டியிருக்கிறது.

நடுவில் பெட்டி. தலைமாட்டில் செங்கல். பின்னால் குடும்பம். திரையில் அப்பாவாக வந்தவர், எங்கள் அப்பா அடக்கத்தன்று போட்டிருந்த அதே சாம்பல் நிறச் சட்டையில் நின்றார். என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா சாய்வை விட்டு நிமிர்ந்துவிட்டார்.

திரையில் அந்தோணி கேமராவில் கண்ணை வைத்து, "பெட்டி ஒரு இஞ்சு இடது" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். இல்லை இல்லை என்று ஆட்டோவில் நான் சொன்னதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. அவர் எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. எனக்கு அப்பாவும் இருப்பார், தம்பியும் இருப்பான். ஆனால் வீடு என்று ஒன்று இருக்காது. அவர் முழங்கையைப் பிடித்தேன். உதறவில்லை. ஆனால் அது இரும்பாக இருந்தது.

பெட்டியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அவர்களைக் கவனித்தேன்.

வலது ஓரத்தில் இரண்டு ஆட்கள். ஆளுக்கு ஒரு முனையாக மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் எடுக்க அந்தோணியின் விரல் உயர்கிறது. மூடிக்காரர்கள் ஓர் அடி முன்னால் வருகிறார்கள். அந்தோணி அவர்களைப் பார்க்கிறார். விரலை இறக்கி, "ஒரு இஞ்சு இடது" என்கிறார். மூடிக்காரர்கள் ஓர் அடி பின்னால் போகிறார்கள். பெட்டியை நகர்த்துகிறார்கள். மறுபடி விரல். மறுபடி ஓர் அடி முன்னால். "ஒரு இஞ்சு இடது." ஓர் அடி பின்னால்.

முதலில் முன்வரிசைக் குழந்தைகள்தான் சிரித்தார்கள். அடுத்த தடவை பெண்கள் பக்கம். அதற்கடுத்த தடவை மூடிக்காரர்களில் ஒருத்தர் மட்டும் முன்னால் வந்துவிட, மற்றவர் வராமல் நிற்க, மூடி கோணலாகி, ஹாலே அதிர்ந்தது. அப்பாவைச் சுற்றி அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தோணி எழுந்தார். நேரே பின்னால் போனார். டெக்ஸ்டர் தடுப்பதற்குள் லாப்டாப்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். படம் நின்றது.

"பஸ், போதும். படத்த பந்த் பண்ணு" என்றார். "சாவு வீடுய்யா இது. நான் மனசாரத்தான் நடிச்சேன். ஃப்ளோரா அக்காவ வெச்சு சிரிக்கவா எங்கள எல்லாம் கூப்பிட்ட?"

அம்மாவின் பேர் ஹாலில் விழுந்ததும் சிரிப்பு முழுக்க நின்றது. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. டெக்ஸ்டர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லேன்டா, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன். அவன் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா எழுந்தார்.

நான் கையை எடுத்துவிட்டேன். இனிப் பிடித்து என்ன? வாசல் எங்கள் இடது பக்கம் இருந்தது. வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள்.

அவர் நகரவில்லை. நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் பாதி உயர்ந்திருந்தது. மூடிக்காரர்களின் கால் தரையில் பாதி ஊன்றியிருந்தது. அப்பா ஒரு கண்ணை மூடினார். போசரியில் முப்பது வருஷம் பார்த்த பார்வை அது. பிறகு குனியாமலே என்னிடம் கேட்டார்.

"அந்த ரெண்டு பேரும் எதுக்கு முன்ன வாராவ?"

"மூடி போடப்பா."

"படம் எடுத்த ஒடனே மூடணும்னு."

"ஆமா."

"அதான் எடுக்க மாட்டேங்கானா?"

அன்று வெயிலில் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யாரென்றுகூட எனக்கு நினைவில்லை. நான் அவர்களைப் பார்க்கவே இல்லை. அவன் ஒருத்தன்தான் பார்த்திருக்கிறான். அளவு பார்க்கிறான் என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்தபோது, கேமராவுக்குப் பின்னால் என் தம்பி தன்னால் முடிந்த ஒரே வழியில் அம்மாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். ஒரு இஞ்சு, இன்னும் ஒரு இஞ்சு என்று. நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பா திரும்பாமலே குரல் கொடுத்தார். "அந்தோணி, ஓட விடும்."

"இல்ல தேவநேசன் அண்ணே, நீங்க மனசு..."

"ஓட விடும்ங்கேன்."

டெக்ஸ்டர்தான் அழுத்தியிருக்க வேண்டும். படம் ஓடியது. விரல் இறங்கியது. "ஒரு இஞ்சு இடது." மூடிக்காரர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. தும்மலை அடக்குவதுபோல இருக்கும். அது அப்பாவின் சிரிப்பு என்று எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது மூன்று பேர் மிச்சம், அந்த மூன்று பேரும் ஹாலில் இருந்தோம். மறுபடி விரல், மறுபடி ஓர் அடி முன்னால், மறுபடி அதே சத்தம். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அப்பாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. நின்றுகொண்டேயிருந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

திரையிலிருந்த அப்பா வரிசையை விட்டு வெளியே வந்தார். "போதும். மூடுங்க" என்றார். மற்ற எல்லா வசனத்தையும் போலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல். அந்தோணியின் விரல் அழுந்தியது.

அந்த ஃபோட்டோ திரை முழுக்க வந்தது. படம் தொடங்கியதிலிருந்து ஒரு சட்டகம்கூட நூல் பிசகவில்லை. இது ஒன்றுதான் கோணல். பெட்டி சாய்ந்து, ஆட்கள் பாதி வெட்டுப்பட்டு, மூடியின் ஒரு முனை குறுக்கே வந்து விழுந்திருந்தது. டெக்ஸ்டர் அதை அப்படியே வைத்திருந்தான், வெகுநேரம். எங்கள் வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிற படமும் இப்படித்தான் இருக்கும். ஊரில் யாருக்கும் நாங்கள் அதை அனுப்பவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கை தட்டினார்கள். அந்தோணி என்ன செய்வதென்று தெரியாமல் தானும் தட்டினார். இரண்டு மூன்று பேர் போய் அவர் கையைக் குலுக்கினார்கள்.

அப்பா பின்னால் நடந்தார். நான் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். டெக்ஸ்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான். அப்பா மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றார். அவனைப் பார்க்காமல் வெறும் திரையைப் பார்த்தார். இந்தத் தடவை என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

"அன்னைக்குப் பெட்டி கோணலாத்தாம்ல இருந்துச்சு."

டெக்ஸ்டரின் கை நின்றது.

"ஒரு இஞ்சுப்பா" என்றான்.

"ஒரு இஞ்சு இல்ல. ரெண்டு இஞ்சு" என்றார் அப்பா. "நகர்த்த இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிருக்கும்."